தாயம் விழ எத்தனை முறை காத்திருக்க வேண்டும்? - கட்டளைவரியில் ஒரு தாயக்கட்டை

கணினி விளையாட்டு என்றதும் வண்ணத் திரையும் இரைச்சலும்தான் நம் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் மென்பொருளில் அவை எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டெழுதுகிறோம். அடுத்த வரியில் ஓர் எண் விடையாக வருகிறது. பகடை உருட்டும் வேலையைக் கணினி நமக்காகச் செய்கிறது, அவ்வளவுதான். இதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கும் தம்பி தங்கையர், நிகழ்தகவு வகுப்பில் விழித்திருந்தவர்களாயினும் உறங்கியவர்களாயினும், சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

மேசை விளையாட்டு ஆடும் மேலைநாட்டாரிடையே இத்தகைய நிரல்கள் வெகுநாளாகப் புழங்கி வருகின்றன. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை விளையாட்டில் ஆறு முகப் பகடை மட்டுமல்லாமல் நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகளும் உண்டு. எந்தப் பகடையை எத்தனை முறை உருட்டுவது என்பதைச் சுருக்கி எழுத ஒரு குறியீடும் அவர்களிடம் உண்டு. '2டி6' என்றால் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டு என்று பொருள். '1டி20+3' என்றால் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி மூன்றைக் கூட்டிக்கொள். லினக்ஸ் கணினியில் இக்குறியீட்டை அப்படியே தட்டினால் விடை தரும் சிறு நிரல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

நம் தாயக்கட்டையை இக்குறியீட்டில் எழுத முடியுமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

நம் கவறு

பகடைக்குத் தமிழில் பழைய பெயர் கவறு. கீழடி அகழாய்வில் பகடைக்காய்கள் கிடைத்துள்ளன. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூதைக் கண்டிப்பது. கண்டிக்க ஓர் அதிகாரமே தேவைப்பட்டதென்றால் ஆட்டம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். பணம் வைக்காமல் வீட்டுத் திண்ணையில் பெண்களும் பிள்ளைகளும் ஆடிய தாயம் வேறு வகை. இங்கு நாம் பேசுவது அதைத்தான்.

சிம்பாங் பூலாய் ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது. மலாய்மொழியில் சிம்பாங் என்றால் சந்தி. பூலாய் என்பது நாம் ஏழிலைப்பாலை என்று சொல்லும் மர இனம். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைக்கும் இடங்களும் மட்டுமே தெரியும். சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் இருந்தன. லயத்து வீடுகள் இருந்தன. பேராக்கின் பல தோட்டங்களைப் போலவே அவையும் கைமாறின, செம்பனைக்கு மாறின, அல்லது வீடமைப்புப் பகுதிகளாயின. 1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது அதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கிய வரலாறு நாம் அறிந்ததே. அதன் பின்னரும் மக்கள் இடம்பெயர்ந்தவண்ணம்தான் இருந்தனர். ஒரே லயத்தில் இருந்தவர்கள் இன்று ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று பிரிந்திருக்கிறார்கள். தாய விதிகளும் அவர்களோடு பிரிந்தன. இப்போது குடும்ப விசேஷத்தில் நான்கு பேர் தாயம் ஆட உட்கார்ந்தால் முதல் கால்மணி நேரம் விதி பற்றிய வாக்குவாதத்திலேயே போய்விடுகிறது.

தாயக்கட்டை என்பது நீண்ட நான்கு பட்டை கொண்ட இரண்டு கட்டைகள், பெரும்பாலும் பித்தளை. ஒவ்வொன்றின் நான்கு பக்கத்திலும் முறையே 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டிவிட்டு, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். இரண்டும் வெறுமை என்றால் அது பூச்சியம் அல்ல, பன்னிரண்டு. கூட்டுத்தொகை 1 என்றால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் வீசலாம். இவை பரவலான விதிகள். உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் சண்டைக்கு வரவேண்டாம். அதற்குக் கட்டுரையின் பின்பகுதியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மேலைக் குறியீட்டில் இதை '2டி4-2' என்று எழுதிப் பார்க்கலாம். நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி இரண்டைக் கழித்தால் 0 முதல் 6 வரை வரும். ஆனால் பூச்சியம் பன்னிரண்டாவதை அந்தக் குறியீட்டால் சொல்ல முடியாது. குறிப்பிட்ட நான்கு எண்களுக்கு மட்டும் மறுவீச்சு என்பதையும் எளிதில் சொல்ல முடியாது. உச்ச எண் விழுந்தால் மீண்டும் உருட்டும் 'வெடிக்கும் பகடை' அவர்களிடமும் உண்டு. ஆனால் நம்முடையது உச்சத்துக்கு மட்டும் வெடிப்பதில்லை. ஆகவே நமக்கென்று தனி நிரல் எழுதுவதே நல்லது.

பதினாறு விதம்

நிரலுக்கு முன் கணக்கு. ஒரு கட்டைக்கு நான்கு பக்கம்; இரண்டுக்கும் சேர்த்து 4 × 4 = 16 விதமாக விழலாம். அவற்றை எண்ணினால்:

12 - ஒரு விதம்
1 - இரண்டு விதம்
2 - மூன்று விதம்
3 - நான்கு விதம்
4 - மூன்று விதம்
5 - இரண்டு விதம்
6 - ஒரு விதம்

மறுவீச்சு தரும் எண்கள் எவை என்று இப்போது பாருங்கள். 1, 5, 6, 12. பட்டியலில் அரிதாக விழுபவை எவையோ அவையேதான். அடிக்கடி விழும் 2, 3, 4 ஆகியவற்றுக்குப் பரிசு இல்லை. இவ்விதியை வகுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் பதினாறு விதத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்க்காமல், அல்லது வாழ்நாள் முழுவதும் ஆடிப் பார்க்காமல், இதை வகுத்திருக்க முடியாது என்பது என் துணிபு.

ஒரு வீச்சில் தாயம் விழும் வாய்ப்பு 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று. ஆனால் ஒருவர் முறை வரும்போது ஒரே வீச்சோடு முடிவதில்லையே. 5, 6, 12 விழுந்தால் மீண்டும் வீசுவார். அந்த வீச்சில் தாயம் விழக்கூடும். ஒரு முறைக்குள் தாயம் கிடைக்கும் வாய்ப்பைத் 'த' என்று கொள்வோம். முதல் வீச்சிலேயே தாயம் விழ 1/8. இல்லையேல் 5, 6, 12இல் ஒன்று விழுந்து (4/16, அதாவது 1/4) மறுபடி அதே நிலைக்கு வருவது. எனவே த = 1/8 + (1/4) × த. இதைத் தீர்த்தால் த = 1/6. ஆறில் ஒன்று! லூடோ பலகையில் ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதிக்கும் ஒரு பகடையில் இதே ஆறில் ஒரு வாய்ப்புத்தான்.

இன்னொரு கணக்கும் இதே போல் அழகாக முடிகிறது. ஒரு வீச்சின் சராசரி, மேற்கண்ட பட்டியலைப் பெருக்கிக் கூட்டினால், 60/16 = 3.75. மறுவீச்சு கிடைக்கும் வாய்ப்பு 6/16. எனவே ஒரு முறைக்குச் சராசரியாக விழும் மொத்தம் 3.75 ÷ (10/16) = 6. தாயத்துக்குச் சராசரியாக ஆறு முறை காத்திருக்கிறோம். இறங்கியபின் சராசரியாக முறைக்கு ஆறு கட்டம் நகர்கிறோம்.

சராசரி ஆறு என்றால் ஆறாவது முறையில் விழுந்தே தீரும் என்று பொருளல்ல. பத்து முறையும் தாயமே விழாமல் போகும் வாய்ப்பு 5/6ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும்: ஏறக்குறைய 16 விழுக்காடு. நான்கு பேர் ஆடினால், பத்துச் சுற்று முடிந்தும் ஒருவராவது காய் இறக்காமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. தாயம் ஆடிய வீடுகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும் காட்சி உங்கள் நினைவுக்கு வரலாம். அந்தப் பிள்ளையின் ராசி ஒன்றும் கெட்டதல்ல.

நிரல்

இதைக் கணினிக்குச் சொல்வது எளிது. படிமுறையைத் தமிழிலேயே எழுதுகிறேன்:

வீச்சு:
கட்டை1 = 0 முதல் 3 வரை குருட்டாம்போக்கில் ஓர் எண்
கட்டை2 = 0 முதல் 3 வரை குருட்டாம்போக்கில் ஓர் எண்
விழுந்தது = கட்டை1 + கட்டை2
விழுந்தது 0 ஆனால், விழுந்தது = 12

முறை:
வீச்சு நடத்து, விழுந்ததைப் பட்டியலில் சேர்
விழுந்தது 1, 5, 6, 12இல் ஒன்றானால், மீண்டும் வீச்சு
இல்லையேல் பட்டியலைத் திரையில் காட்டி நிறுத்து

இதைப் பைதான் மொழியில் எழுதினால் இருபது வரிகூட வராது. 2008இல் வந்த பைதான் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; 'கட்டை1' என்ற பெயரைக் கணினி மறுப்பதில்லை. கட்டளைச் சொற்களும் தமிழில் வேண்டும் என்போருக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி இருக்கிறது. 'பதிப்பி', 'நிரல்பாகம்' என்பன அதில் கட்டளைகளே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கறுப்புத் திரை முனையங்கள் பலவற்றில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். நிரலில் பிழை என்று எண்ணிப் பயந்துவிட வேண்டாம். அம்முனையங்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலப் பெட்டி ஒதுக்கும் பழக்கமுடையவை. நம் எழுத்து அந்தப் பெட்டிக்குள் அடங்குவதில்லை.

தொடக்கநிலையில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 1, 2, 3, 4, 5, 6, 12 ஆகிய ஏழு எண்களை ஒரு பட்டியலில் போட்டு அதிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லிவிடுவார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பன்னிரண்டு விழும் வாய்ப்பு 16இல் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றாகத் தாவிவிடும். ஏழில் நான்கு வீச்சுக்கு மறுவீச்சு கிடைக்கும். ஆறு முறைக்கு ஒன்றாக வரவேண்டிய தாயம் நான்கு முறைக்கு ஒன்றாக வரும். ஆடுகிறவர்கள் "என்னமோ இது தாயம் மாதிரியே இல்லை" என்பார்கள். ஏன் என்று சொல்லத் தெரியாது.

எனவே நிரலைச் சோதிக்க வேண்டும். 16,000 வீச்சு ஓட்டிப் பாருங்கள். கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். தாயம் 2,000 அளவில் வரவேண்டும். சரியாக 2,000 வராது. வந்தால் அதுவே தற்செயல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை 1,916க்கும் 2,084க்கும் இடையே நிற்கும். அதைவிட வெகுதூரம் விலகினால் நிரலைத் திருப்பிப் பாருங்கள்.

குருட்டாம்போக்கில் எண் எடுப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கணினிக்குக் குருட்டாம்போக்கு தெரியாது. சொன்னதைச் செய்யும் பொறி அது. 'வித்து' என்னும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து நீண்ட கணக்கொன்றைப் போட்டு, தற்செயல் போலத் தோன்றும் எண்வரிசையைத் தருகிறது. பைதானில் இருப்பது ஜப்பானியரான மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்ட முறை. ஒரே வித்தைக் கொடுத்தால் ஒரே வரிசைதான் வரும். பிழை தேடும்போது இது வரம். பந்தயம் கட்டும்போது சாபம். தொடர்ந்து 624 எண்களை முழுமையாகப் பார்த்தவர் அடுத்தவற்றைக் கணித்துவிடலாம். வீட்டு ஆட்டத்துக்கு இது பொருட்டல்ல. வெவ்வேறு ஊரிலிருந்து கைப்பேசியில் பேசிக்கொண்டே ஆடுபவர்கள், இயங்குதளமே தரும் பாதுகாப்பான எண்ணைப் பயன்படுத்துவது நல்லது.

இங்கு நம் கட்டைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. கணினியின் அடிப்படை 0, 1 என்னும் இரட்டை. எட்டு இரட்டைகளைச் சேர்த்தால் 256 எண்கள். இவற்றை ஆறு முகத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 42 போக நான்கு மிஞ்சும். கவனிக்காமல் எழுதிய நிரலில் முதல் நான்கு முகம் சற்றே அதிகமாக விழும். நான்கு பக்கத்துக்குப் பங்கிட்டால் மிச்சமின்றி ஆளுக்கு 64. இரண்டு காசைச் சுண்டினால் ஒரு தாயக்கட்டை. நான்கு காசைச் சுண்டினால் ஒரு வீச்சு. பித்தளைக் கட்டை கணினிக்கென்றே செய்தது போல் பொருந்துகிறது!

சோழி வேறு, கட்டை வேறு

லயத்து வீடுகளில் எல்லாரிடமும் பித்தளைக் கட்டை இருந்ததில்லை. ஆறு சோழிகளோ, ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளோ போதும். சோழியில் வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை எண்ணுகிறோம். ஒன்று மட்டும் மேலே என்றால் தாயம். எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. எண்கள் அதே 1 முதல் 6, அத்துடன் 12. எனவே இரண்டும் ஒரே ஆட்டம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு சோழியும் சரிபாதியாக விழும் என்று கொண்டால் ஆறு சோழிக்கு 64 விதம். தாயம் 6 விதம், ஐந்து 6 விதம், ஆறு ஒரு விதம், பன்னிரண்டு ஒரு விதம். முன் செய்ததுபோலவே கணக்கிட்டால் ஒரு முறைக்குள் தாயம் கிடைக்கும் வாய்ப்பு 28இல் 3. சராசரியாக ஒன்பது முறைக்கு மேல் காத்திருக்க வேண்டும். முறைக்கு நகர்வதும் ஆறு கட்டத்திலிருந்து நான்கு கட்டமாகக் குறைகிறது. அதே பலகை, அதே விதி. ஆனால் சோழி ஆட்டம் மிக நீளம். மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாத நாளுக்கு ஏற்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதுவும் சோழி சரிபாதியாக விழுந்தால். சோழி நாணயம் அல்ல. ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் வாய். நூற்றுக்கு நாற்பது தடவை மட்டும் வாய் மேலே விழும் சோழிகள் என்று வைத்துக்கொள்வோம். தாயம் முறைக்கு 20 விழுக்காட்டைத் தாண்டிவிடும்; ஐந்து முறைக்குள் சராசரியாக இறங்கிவிடலாம். மாறாக அறுபது தடவை வாய் மேலே விழுமானால் முறைக்கு 5 விழுக்காடுகூட இல்லை. சராசரியாக இருபது முறைக்கு மேல் காத்திருக்க வேண்டும். பத்துப் பத்து விழுக்காடு இப்படியும் அப்படியும் சாய்ந்ததற்கு நான்கு மடங்கு வித்தியாசம்! வீட்டுப் பெரியவர்கள் "என் சோழியைக் கொண்டு வா" என்று கேட்டு வாங்கி ஆடுவதைச் சிறுவயதில் வெறும் பிடிவாதம் என்று நினைத்திருப்போம். எல்லாரும் அதே சோழியில்தானே ஆடுகிறார்கள், இதில் யாருக்கு என்ன ஆதாயம் என்றும் கேட்கலாம். ஆதாயம் ஒருவருக்கல்ல, ஆட்டத்துக்கு. நல்ல சோழி என்பது ஆட்டத்தைச் சரியான நேரத்தில் முடிக்கும் சோழி.

இங்குதான் நம் நிரல் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பாதிக்குப் பாதி என்று எழுதினால் அது பாடப்புத்தகச் சோழி. பாட்டியின் சோழியை எழுத வேண்டுமானால் அதை எண்ண வேண்டும். ஆறு சோழியை 100 முறை வீசி, வாய் மேலே விழுந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 முடிவுகள். இந்த அளவுக்குக் கணிப்பில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு முன்பின் இருக்கும். நாற்பதையும் ஐம்பதையும் பிரித்தறிய இது தாராளம். நிரலிலும் மாற்றம் சிறிதுதான்: ஒவ்வொரு சோழிக்கும் 0க்கும் 1க்கும் இடையே ஒரு பின்னத்தை எடு, நீங்கள் எண்ணிக் கண்ட பின்னத்தைவிடக் குறைவானால் வாய் மேலே. அப்போது கட்டளைவரி இப்படி அமையும்:

தாயம் --கருவி சோழி --எண்ணிக்கை 6 --வாய்மேல் 0.43

இதில் 0.43 என்பது எடுத்துக்காட்டுக்கு எழுதியது; உங்கள் வீட்டு எண்ணை அங்கே இடுங்கள். புளியங்கொட்டைக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் தேய்த்த அளவுக்கு அதன் சாய்வும் மாறும்.

விதிக் கோப்பு

நிரல் எழுத உட்கார்ந்தவருக்குத்தான் விதியில் உள்ள ஓட்டைகள் தெரியும். "மறுவீச்சில் விழுந்த எல்லாவற்றையும் ஒரே காய்க்குச் சேர்க்கலாமா, பிரிக்கலாமா? மலையில் நிற்கும் காயை வெட்டலாமா? ஒரு காயையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குப் போகலாமா? பழமாவதற்குச் சரியான எண்தான் விழவேண்டுமா?" ஆடும்போது இவற்றை யாராவது அதட்டி முடித்துவிடுவார்கள். கணினியை அதட்ட முடியாது. ஆம் அல்லது இல்லை என்று எழுதித் தரவேண்டும்.

ஆகவே விதிகளை நிரலுக்குள் புதைக்காமல், தனியாக ஓர் எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒன்றாக வையுங்கள். கோப்பின் தலைப்பில் விதி சொன்னவர் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டுகளில் ஆடியவர் என்று குறியுங்கள். சிம்பாங் பூலாய்க்கு ஒரு கோப்பு, சுங்கை சிப்புட்டுக்கு ஒரு கோப்பு என்று சேரச் சேர, கட்டளையில் கோப்பின் பெயரை மாற்றினாலே ஆட்டம் மாறும். தோட்டத்தில் ஆடிய தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் கழக உறுப்பினர்கள் கேட்டு எழுதி வந்தால் நலம். முன்னாள் மாணவர்களான அண்ணன்மார், அக்காமாருக்கும் இதே வேண்டுகோள்.

கேட்கும்போது அரிதான விதிகளை முதலில் கேளுங்கள். ஒரே முறையில் மூன்று தாயம் தொடர்ந்து விழுந்தால் என்ன என்று கேட்டால், சில வீடுகளில் விழுந்தது அழியும் என்பார்கள், சில வீடுகளில் இல்லை என்பார்கள். முறையின் தொடக்கத்திலேயே மூன்று தாயம் விழும் வாய்ப்பு கட்டையில் 512இல் ஒன்று. நால்வர் ஆளுக்கு முப்பது முறை ஆடும் ஆட்டமானால் நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை அது நடக்கும். விதி ஓரளவு நினைவில் நிற்கும். மூன்று பன்னிரண்டு தொடர்ந்து விழ 4,096இல் ஒன்று. முப்பத்துநான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை. வாரந்தோறும் ஆடியவர் அதை ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை பார்த்திருப்பார். தீபாவளிக்கு மட்டும் ஆடும் நம் தலைமுறை அதைப் பார்த்தே இருக்காது. அதற்கு என்ன விதி என்று கேட்க வேண்டுமென்பதே நமக்குத் தோன்றாது.